மாட்டுங்காவில் இருக்கிறீர்களா? உங்கள் எம்.எல்.ஏ. யார்?

மாட்டுங்கா என்றால் எந்த மாட்டுங்கா?

ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு மாட்டுங்கா இருக்கிறது. பூக்கடைகள், காய்கறி மார்க்கெட், கோயில்கள், காபிப் பொடிக் கடைகள் உள்ள இடம். தாராவியை ஒட்டி இன்னொரு மாட்டுங்கா இருக்கிறது. அதை மாட்டுங்கா லேபர் கேம்ப் என்கிறோம். இரண்டு இடத்திலும் தமிழர்கள் உண்டு. இரண்டு இடத்துக்காரர்களும் ஊருக்குக் கடிதம் எழுதினால் ‘மாட்டுங்கா, மும்பை’ என்றுதான் முகவரி எழுதுவார்கள்.

ஆனால் சட்டசபைத் தேர்தல் வந்தால் இவர்கள் ஒரே வேட்பாளர் பட்டியலைப் பார்ப்பதில்லை. லேபர் கேம்ப் தாராவித் தொகுதியில் இருக்கிறது. கிழக்கு மாட்டுங்காவோ வேறு தொகுதிகளில் இருக்கிறது. பெயர் ஒன்று, எம்.எல்.ஏ. வேறு. இது தெரியாமல் மனுவை எடுத்துக்கொண்டு தவறான அலுவலகத்தில் காத்துக் கிடந்தவர்கள் பலர். ஒரு நாள் கூலியும் போய்விடும்.

இந்தப் பாடத்தில் நம் பகுதி எம்.எல்.ஏ.க்கள் சிலரைப் பற்றிப் படிக்கப்போகிறோம். அவர்கள் எத்தனை ஓட்டு வாங்கினார்கள், எத்தனை ஓட்டில் ஜெயித்தார்கள் என்று கணக்கும் போடப்போகிறோம். இது எந்தக் கட்சிக்கும் பிரசாரம் அல்ல. கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாட்டுங்கா தொகுதி

முன்பு மாட்டுங்கா என்ற பெயரிலேயே ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது. அங்கே 1990, 1995, 1999 என்று மூன்று தேர்தலில் தொடர்ந்து ஜெயித்தவர் சந்திரகாந்தா கோயல் என்ற அம்மையார். பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்தவர். சட்டசபைக்குப் போகும் முன் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். மத்திய அமைச்சர் பியூஷ் கோயலின் தாயார் இவர். 2020 ஜூன் மாதம் காலமானார். பெண் வேட்பாளருக்குச் சீட்டுக் கொடுக்கவே கட்சிகள் யோசித்த காலத்தில் ஒரு பெண் மூன்று முறை ஜெயித்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்று அந்தத் தொகுதி இல்லை. எங்கே போயிற்று?

மக்கள் தொகை ஓரிடத்தில் கூடும். இன்னோரிடத்தில் குறையும். ஆகவே தொகுதிகளின் எல்லைகளைத் திருத்த வேண்டியிருக்கும். இதைத் தொகுதிச் சீரமைப்பு என்பார்கள். 2008இல் அப்படி ஒரு சீரமைப்பு நடந்தது. மாட்டுங்கா தொகுதி மறைந்தது. அதன் பகுதிகள் பக்கத்தில் சேர்க்கப்பட்டன. சயான் கோலிவாடா, வடாலா என்ற பெயர்களில் தொகுதிகள் வந்தன. 2009 தேர்தல் புதிய எல்லைப்படி நடந்தது. அந்தத் தேர்தலில் சயான் கோலிவாடாவில் காங்கிரஸ் கட்சியின் ஜகன்னாத் ஷெட்டி ஜெயித்தார்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் உண்டு. தாராவிக்கு 178. சயான் கோலிவாடாவுக்கு 179. வடாலாவுக்கு 180. மாஹிமுக்கு 181. மகாராஷ்டிரத்தில் மொத்தம் 288 தொகுதிகள். அதில் மும்பையில் மட்டும் 36.

புதுக்கோட்டையிலிருந்து வந்தவர்

179ஆம் எண் தொகுதியில் 2014இல் ஜெயித்தவர் ஆர். தமிழ்ச்செல்வன். இவரைக் கேப்டன் தமிழ்ச்செல்வன் என்று அழைக்கிறார்கள். சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில். நம்மில் பலரைப் போலவே பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர். நம் மக்கள் இன்னும் வி.டி. என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்றி இறக்கும் தொழில் அவருடையது. பிறகு அதிலேயே காண்டிராக்ட் எடுத்து நடத்தினார்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு அந்த நிலையத்தில் இரண்டு பயங்கரவாதிகள் கண்மூடித்தனமாகச் சுட்டார்கள். ரயிலுக்குக் காத்திருந்தவர்களில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏழைகள், கூலிக்காரர்கள், ஊருக்குப் போகவிருந்த குடும்பங்கள். அன்று தமிழ்ச்செல்வனும் அவருடைய ஆட்களும் காயம்பட்டவர்களைச் சாமான் ஏற்றும் தள்ளுவண்டிகளில் கிடத்தி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெட்டியும் மூட்டையும் ஏற்றிய வண்டியில் மனிதர்களை ஏற்றினார்கள். இந்தச் செய்தியால் அவர் பெயர் பலருக்குத் தெரிந்தது.

மாநகராட்சி உறுப்பினராக இருந்துவிட்டு, பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராகச் சட்டசபைத் தேர்தலில் நின்றார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். தமிழர் ஒருவர் மகாராஷ்டிரச் சட்டசபையில் தமிழில் பேசலாமா? பொதுவாகப் பேச முடியாது. மாநிலத்தின் ஆட்சிமொழி, இந்தி, ஆங்கிலம் இவற்றில்தான் பேச வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 210ஆம் பிரிவு சொல்கிறது. இந்த மொழிகள் எதிலும் சரியாகப் பேச வராத உறுப்பினர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதி தரலாம். ஆனால் மராத்தி தெரியாமல் மும்பையில் ஓட்டுக் கேட்பது கஷ்டம். கேட்பவரின் மொழியில் கேட்டால்தானே கதவு திறக்கும்!

மூன்று தேர்தல், மூன்று கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ஓட்டுப்பதிவு. தமிழ்ச்செல்வன் வாங்கியது 40,869 ஓட்டு. அடுத்து வந்தவர் சிவசேனையின் மங்கேஷ் சாதம்கர். அவர் வாங்கியது 37,131. கழித்துப் பாருங்கள். வித்தியாசம் 3,738.

2019ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி மறுபடியும் தேர்தல். தமிழ்ச்செல்வன் 54,845. காங்கிரசின் கணேஷ் யாதவ் 40,894. வித்தியாசம் 13,951.

2024ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி மூன்றாம் முறை. எதிரே அதே கணேஷ் யாதவ்தான். தமிழ்ச்செல்வன் 73,429. கணேஷ் யாதவ் 65,534. வித்தியாசம் 7,895.

மூன்று முறையும் ஜெயித்தது ஒருவரே. ‘இதில் படிக்க என்ன இருக்கிறது’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எண்கள் பேசும்.

2014இல் வித்தியாசம் ஏன் குறைவு? அந்த ஆண்டு பாரதிய ஜனதா, சிவசேனை, காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் நான்கும் தனித்தனியாக நின்றன. ஓட்டு நாலா பக்கமும் சிதறியது. அதனால் 41 ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டிலேயே ஒருவர் எம்.எல்.ஏ. ஆக முடிந்தது. நம் நாட்டுச் சட்டப்படி பாதிக்கு மேல் ஓட்டு வாங்கவேண்டும் என்பதில்லை. மற்ற ஒவ்வொருவரையும் விட ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கினால் போதும்.

2019இல் பாரதிய ஜனதாவும் சிவசேனையும் கூட்டுச் சேர்ந்தன. காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் கூட்டுச் சேர்ந்தன. வித்தியாசம் பெரிதாயிற்று. 2024க்குள் சிவசேனையும் இரண்டாகப் பிரிந்துவிட்டது, தேசியவாத காங்கிரசும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு அணியில் நின்றது.

இந்தக் கணக்கைப் பாருங்கள். 2019ஐ விட 2024இல் தமிழ்ச்செல்வனுக்கு 18,584 ஓட்டுக் கூடியது. ஆனால் எதிர்த்து நின்றவருக்கு 24,640 கூடியது. ஆகவே ஓட்டு அதிகம் வாங்கியும் வித்தியாசம் 6,056 குறைந்துவிட்டது. ‘போன தடவையை விட அதிக ஓட்டு வாங்கினோம்’ என்று ஜெயித்தவர் சொன்னாலும் உண்மை. ‘நாங்கள் நெருங்கி வந்துவிட்டோம்’ என்று தோற்றவர் சொன்னாலும் உண்மை. மேடையில் ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால், சொல்லாமல் விட்ட எண் எது என்று கேளுங்கள்.

ஓர் ஓட்டின் எடை

‘என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வடாலாவுக்குப் போவோம்.

அங்கே காளிதாஸ் கோளம்கர் என்பவர் 1990 முதல் எம்.எல்.ஏ. முதலில் நாய்காவ் தொகுதி, 2009 முதல் வடாலா. முதலில் சிவசேனை. 2005இல் காங்கிரசுக்குப் போனார். 2019இல் பாரதிய ஜனதாவுக்கு வந்தார். கட்சி மாறினார், தொகுதியின் பெயர் மாறியது, ஆனால் ஜெயிப்பது மாறவில்லை. இடைத்தேர்தலையும் சேர்த்து 2024 வரை 9 முறை ஜெயித்திருக்கிறார். அப்படிப்பட்டவரே 2014இல் தோல்வியின் விளிம்பு வரை போனார். அந்தத் தேர்தலில் அவருக்கும் இரண்டாவது வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 800 ஓட்டு!

ஒரு தொகுதியில் 250 வாக்குச்சாவடி என்று வைத்துக்கொள்வோம். 800ஐ 250ஆல் வகுங்கள். சாவடிக்கு 3 ஓட்டுச் சொச்சம். ஒரு சாலில் ஒரே ஒரு கோலியில் குடியிருக்கும் குடும்பம் அவ்வளவுதான். சயான் கோலிவாடாவின் 3,738ஐ அதே போல் வகுத்தால் சாவடிக்குச் சுமார் 15. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம் என்று ஒரு சாலிலிருந்து நாலு குடும்பம் முன்கூட்டியே நாகர்கோவில் வண்டியில் ஏறினால் அந்த 15 போய்விடும். 2014இலும் 2019இலும் ஓட்டுப்பதிவு தீபாவளிக்குச் சில நாள் முன்புதான் நடந்தது.

லேபர் கேம்ப்காரர்களின் தொகுதி

178ஆம் எண் தாராவி, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. வேட்பாளர்தான் அந்த வகுப்பைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். ஓட்டு எல்லாருக்கும் உண்டு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இங்கே ஏக்நாத் கெய்க்வாட் 1985, 1990, 1999 தேர்தல்களில் ஜெயித்தார். இடையில் 1995இல் சிவசேனையின் பாபுராவ் மானே ஜெயித்தார். ஏக்நாத் கெய்க்வாட் 2004இல் பாராளுமன்றத்துக்குப் போனார். அவர் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? முதலமைச்சராகவும் மக்களவைத் தலைவராகவும் இருந்த மனோகர் ஜோஷியை! அதே ஆண்டு மகள் வர்ஷா கெய்க்வாட் தாராவியில் நின்றார். 2004, 2009, 2014, 2019 என்று நான்கு முறை ஜெயித்தார். மாநிலப் பள்ளிக் கல்வி அமைச்சராகவும் இருந்தார். 2024இல் அவர் பாராளுமன்றத்துக்குப் போக, தங்கை ஜோதி கெய்க்வாட் தாராவியில் ஜெயித்தார். ஒரே குடும்பம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. மக்கள்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்பவர்களும் உண்டு.

எதற்கு யாரிடம் போவது?

குழாயில் தண்ணீர் வரவில்லை, குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது. இவை மாநகராட்சியின் வேலை. அங்கே நம் ஆள் மாநகராட்சி உறுப்பினர். மும்பையில் நகரசேவக் என்கிறார்கள். 2022 மார்ச் மாதம் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் சில ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை. அப்போது அடைத்த சாக்கடைக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் கூட்டம்.

ரேஷன், போலீஸ், குடிசை மாற்றுத் திட்டம், வீட்டு வாரியம் இவை மாநில அரசின் கையில் உள்ளவை. இவற்றைப் பற்றிச் சட்டசபையில் கேள்வி கேட்க எம்.எல்.ஏ.வுக்கு உரிமை உண்டு. சட்டம் இயற்றும்போது கை தூக்குபவரும் அவரே. வரவு செலவுத் திட்டத்தில் திருத்தம் கேட்பவரும் அவரே. சட்டசபை மும்பையில் கூடும். குளிர்காலக் கூட்டம் நாக்பூரில் நடக்கும். கல்யாணப் பத்திரிகை வைத்தால் வருகிறாரா என்பதை மட்டும் பார்த்து எம்.எல்.ஏ.வை எடைபோடுகிறோம். சட்டசபையில் என்ன கேட்டார் என்று கேட்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா?

18 வயது நிரம்பியவருக்கு ஓட்டு உண்டு. 1989க்கு முன் 21 வயது ஆகவேண்டும். வேட்பாளராக நிற்க 25 வயது ஆகவேண்டும்.

வாக்காளர் அட்டை இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, ஓட்டுப் போடும் நாளில் ‘பெயர் இல்லை’ என்று திரும்பியவர்கள் நம் பகுதியில் நிறைய. வீடு இடித்துக் கட்டும்போது வேறு இடத்துக்கு மாறுகிறோம். பழைய முகவரியில் தேடிவந்த அலுவலர் ஆளைக் காணாமல் போகிறார். பெயர் நீங்கிவிடலாம்.

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இடம் மாறினாலோ, பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலோ படிவம் 8. சொந்த வீடு வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு இருப்பவரும் சேரலாம். வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவரும் சேரலாம். அவர் அங்கேதான் இரவில் தங்குகிறார் என்று அலுவலர் வந்து பார்த்து உறுதி செய்வார்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஊரிலும் பெயர், மும்பையிலும் பெயர் என்று இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது. அது சட்டப்படி தவறு. எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பட்டியலில் பெயர் நீங்கினால் ஊர் உறவே அறுந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நிலத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தம் இல்லை.

வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், படிப்பு, தம்மீதுள்ள வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்ப்பதற்குத்தான். இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். யாரையும் பிடிக்கவில்லை என்றால் இயந்திரத்தின் கடைசியில் ‘மேற்கண்ட எவரும் இல்லை’ என்ற பொத்தான் 2013 முதல் இருக்கிறது.

பயிற்சி

உங்கள் வாக்காளர் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள தொகுதியின் பெயரை எழுதுங்கள். எண் 178ஆ, 179ஆ, 180ஆ, வேறா?

சயான் கோலிவாடாவில் 2014 முதல் 2024 வரை ஜெயித்தவரின் ஓட்டு எத்தனை கூடியிருக்கிறது? கழித்து விடை எழுதுங்கள்.

உங்கள் சாலில் 18 வயது முடிந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? கேட்டறிந்து அவர்கள் பெயர்களை வரிசையாக எழுதிக் கொண்டு வாருங்கள்.