நீலம் வராத சோதனைக்குழாய்

ஏற்காட்டு மலையின் வாழவந்தியில் அறிவியல் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் டீச்சருக்கு,

ஆய்வகம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு குப்பி அயோடின் கரைசல் இருந்தாலே போதும், ஒரு பருவம் ஓட்டிவிடலாம். அது கிடைக்காவிட்டால் மருந்துக்கடை பீட்டாடினில் தண்ணீர் கலந்து, லேசான டீ நிறத்துக்கு வரவையுங்கள்.

சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் குச்சிக்கிழங்கை விட நல்ல தொடக்கம் ஏது? இங்குள்ள சேகோ ஆலைகள் அதிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகிவிடும். வகுப்பே கைதட்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நீலம் வராத குழாயில்தான் பாடமே இருக்கிறது.

ஜவ்வரிசிக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஒரு குழாயில் ஊற்றி அயோடின் விட்டுப் பாருங்கள். நீலம் பிடிக்காது, ஆறினால் தானாக வரும். மாவுச்சத்திலுள்ள அமைலோஸ் சுருள்சுருளாக இருக்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள் உட்கார்ந்தால்தான் நிறம். சூட்டில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இன்னொரு குழாயில் ஆறிய நீலக் கஞ்சியோடு ஏற்காட்டு ஆரஞ்சுச் சாற்றைச் சேர்த்தாலும் நிறம் போகும். இங்கே எவ்வளவு ஆறவிட்டாலும் அது திரும்பாது. வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிட்டது. மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. கூடுதலாக அயோடின் விட்டால் மறுபடி நீலம். மூன்றாவதில் ஆறிய கஞ்சியோடு எச்சிலைக் கலந்து, கை பொறுக்கும் வெந்நீரில் சற்று வைத்திருந்து அயோடின் விடுங்கள். இதில் மாவுச்சத்தே சிதைந்து சர்க்கரையாகியிருக்கும். மூன்றிலும் நீலம் இல்லை, காரணம் மட்டும் வெவ்வேறு. எது எதனால் என்று பிள்ளைகளே மோதிக்கொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அயோடின் மட்டும் விட்ட ஆறிய கஞ்சிக் குழாய் ஒன்று கட்டாயம் நிற்கட்டும்.

இலையில் மாவுச்சத்து காணும் சோதனைக்குக் காபி இலை வேண்டாம். தடித்த இலை, வெளுக்க நேரமாகும். செம்பருத்தியோ மணிபிளாண்டோ போதும். மூடுபனி நாளில் பறித்த இலையில் மாவுச்சத்து குறைவு, வெயில் காய்ந்த பிற்பகலில் பறியுங்கள். இலையை வெளுக்கவைக்கும் ஸ்பிரிட்டை ஒருபோதும் நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள். அது 78 டிகிரியில் கொதிப்பது, மலையில் இன்னும் முன்னதாகவே. அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் குழாயை இறக்குங்கள்.

அயோடின் உப்பைக் கஞ்சியில் போட்டும் நீலம் வரலையே என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். நம் உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட்; கஞ்சி அதற்கு அசையாது. பொட்டாசியம் அயோடைடும் வினிகரும் சேர்த்தால் அயோடின் விடுபட்டு நிறம் காட்டும். மழை மண்ணிலுள்ள அயோடினை அரித்துப் போவதால் மலைவாசிகளுக்குக் கழுத்துக்கழலை வந்ததையும், 1956இல் இமயமலையின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய அயோடின் உப்பு ஆய்வையும் அப்போது சொல்லுங்கள். மலைப் பிள்ளைகளுக்கு அது தம் ஊர்க் கதை போலவே இருக்கும்.

கலப்படம் கண்டுபிடிக்கும் ஆர்வமும் சீக்கிரமே தொற்றிக்கொள்ளும். பாலில் தண்ணீர் கலந்து கொதிக்கவைத்து, ஆறிய பின் அயோடின் விட்டு நீலம் வந்தால் மாவு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மஞ்சள்தூளில் அந்தக் கணக்கு செல்லாது, மஞ்சளிலேயே மாவுச்சத்து உண்டு. கடைக்காரரைப் பழிப்பதற்கு முன், ஒரு விரலி மஞ்சளை வகுப்பிலேயே இடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்