கரண்டி பிடிக்கும் கல்வி
(போடி மலையடிவாரத்தை முன்வைத்துக் கட்டுமானத் தொழிற்பயிற்சி பற்றி ஓர் ஆய்வு)

கற்றல், கல்லுதல் என்னும் சொற்கள் ஒலியால் நெருங்கியவை. பின்னது தோண்டுதல் என்னும் பொருளது. இரண்டும் ஓரடியிற் பிறந்தனவா என்பதைச் சொற்பிறப்பியலார்க்கு விடுத்து, தோண்டியும் அடுக்கியும் பூசியும் கற்கும் ஒரு கல்வியைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றேன். தமிழ்த்துறை மலரில் கொத்து வேலைக்கு என்ன இடம் என வினவுவோர் நெடுநல்வாடையை நினைவுகூர்தல் வேண்டும். நிழல் கொண்டு நண்பகலறிந்து, கயிறிட்டு அளந்து, அரண்மனைக்கு இடம் வகுத்த கட்டட வல்லாரை நக்கீரர் புலவர் என்றே சுட்டுகின்றார். அப்பெயர் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

மலையும் அடிவாரமும்

போடிநாயக்கனூரில் கோழி கூவுமுன் விழித்துக்கொள்ளும் தெருக்கள் பல. தூக்குவாளியில் சோறெடுத்துக்கொண்டு பெண்களும், பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்களும் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து, போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதிகளின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர். ஏலக்காய் எடுப்பு ஏறத்தாழ ஆடியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். பங்குனி பிறந்தால் மலையில் வேலை சுருங்கிவிடும். அப்போது அவர்களுட் பலர் நகரத்துக் கட்டட வேலைக்கு வருவர். ஆடவர் நிமிந்தாளாகவும் பெண்டிர் சித்தாளாகவும் நாட்கூலிக்கு நிற்பர்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி பயன் தரும். சிறு ஆள் என்பது சித்தாள் ஆயிற்று. நிமிர்ந்த ஆள் நிமிந்தாள் ஆயிற்று. இலக்கணப்படி இவ்விரண்டும் இருபாற்கும் பொது. ஆயினும் வழக்கில் சித்தாள் என்றாலே பெண்தான். கொத்தனார் என்பதற்கோ வழக்கிலுள்ள பெண்பாற்சொல்லே இல்லை. இருபது ஆண்டுகள் சாந்துச் சட்டி சுமந்த பெண்ணும் சித்தாளாகவே ஓய்வு பெறுகின்றாள். கலவையின் பதம் கொத்தனாரைவிட அவளுக்கு நன்கு தெரிந்திருக்கும். கரண்டியை அவள் கையில் கொடுப்பார் இல்லை.

இளைஞர் நிலை வேறு. அவர்கள் முன் கரண்டி கிடக்கின்றது, கற்பிக்கத்தான் ஆளில்லை. முன்னர்த் தந்தையோ தாய்மாமனோ உடன் வைத்துப் பழக்கினர். இன்று ஒப்பந்த வேலையில் மேஸ்திரிக்கு நாள் கணக்கு. கோணலாகக் கட்டிய வரியைப் பிரித்து மீண்டும் கட்டச் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஆகவே இளைஞன் எடுபிடியாகவே நிற்கின்றான். வேலையில்லாத நாளில் மதுவும் கஞ்சாவும் தெருமுனையில் காத்திருக்கின்றன. பெற்றோர் அறியாததன்று இது. வெளியே பேசத்தான் தயங்குகின்றனர்.

கொல்லம் காட்டிய வழி

நம் மலைக்கு மேற்கே, கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 1985ஆம் ஆண்டு பெருவெள்ளத்தால் ஏழைகள் பலர் வீடிழந்தனர். அவர்க்கு வீடமைக்கும் முயற்சியில் அன்றைய மாவட்ட ஆட்சியர் சி.வி. ஆனந்த போஸ் நிர்மிதி கேந்திரம் என்னும் கட்டட மையத்தைத் தோற்றுவித்தார். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் சிக்கன முறைகளை அம்மையம் மேற்கொண்டது. வேலையற்ற இளைஞரும் பெண்களும் அங்கே பயிற்சி பெற்றனர். வெள்ளம் கொண்டுபோன வீட்டிற்கு ஈடான வீட்டைக் கட்டுவதே அவர்களுக்குப் பாடமாயிற்று. இம்முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1988இல் ஹட்கோ நிறுவனத்தின் வழியாக நாடெங்கும் கட்டட மையங்கள் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஆரோவில்லின் மையம் 1989இல் அவ்வகையில் எழுந்ததே. எனினும் நிர்மிதி கேந்திரங்கள் பிற்காலத்தில் கட்டடம் கட்டித் தரும் நிறுவனங்களாகவே பெரிதும் அறியப்படலாயின. பயிற்சி முன்னின்ற அத்தொடக்க காலமே நமக்குப் பாடமாகத்தக்கது என்பது என் கருத்து.

கடல் கடந்தும் இதற்கு இணை உண்டு. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் 1978இல் டாரதி ஸ்டோன்மன் என்னும் ஆசிரியை, நும் ஊருக்கு என் செய்யலாம் என்று பதின்பருவத்தினரையே வினவினார். கைவிடப்பட்டுக் கிடந்த வீடுகளைச் சீர்செய்வோம் என்றனர் அவர்கள். அங்ஙனம் தொடங்கியது, பின்னர் யூத்பில்ட் என்னும் இயக்கமாக விரிந்தது. 1992இல் அமெரிக்க அரசின் சட்ட ஆதரவையும் பெற்றது. பாதிக்காலம் கட்டட வேலை, மீதிக்காலம் விட்ட பள்ளிப்படிப்பு என்பது அதன் முறை. வழி தவறியவர் என்று ஊரார் ஒதுக்கிய பிள்ளைகள் கட்டிய வீட்டில் அவ்வூராரே குடியேறினர்.

நம் நாட்டிலும் 2016இல் தொடங்கிய ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் ஒரு கூறாக 45 நாள் கொத்தனார் பயிற்சி வகுக்கப்பட்டது. பயனாளி ஒருவரின் மெய்யான வீட்டைக் கட்டியே கற்றல் வேண்டும் என்பது அதன் நெறி.

சுவரே ஆசான்

மெய்யான வீடு ஏன் வேண்டும்? பயிற்சிக்கூடத்தில் சுண்ணாம்புக் கலவையால் ஒரு சுவரெழுப்பி, மாலையில் பிரித்து அடுக்குவது தொடக்கப் பழக்கத்திற்கு நன்று. ஆனால் அச்சுவரில் மழை பெய்வதில்லை. அதில் எவரும் ஆணி அடிப்பதில்லை. குழந்தை சாய்ந்து உறங்குவதுமில்லை. பொறுப்பு என்பது அங்கே பிறவாது.

என் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்துங்கால் தலைகுனிந்தே அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன். விடுமுறையில் எங்கள் வீட்டுப் பின்சுவர் வேலைக்கு வந்தான். ஒரு மூலையிலிருந்து நூலை ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் இழுத்து முளையடித்தான். "இதுக்கும் அதுக்கும் குறுக்கே 5 அடி இருந்தா மூலை சரி ஐயா" என்றான். பள்ளிக் கணக்கில் இருமுறை தவறியவன் அவன். பிதாகரஸ் தேற்றம் என்றால் அவனுக்கு இன்றும் தெரியாது. அன்று தலைகுனிந்து நின்றவன் நான்.

இத்தொழிலின் பாடங்கள் யாவும் இத்தகையனவே. செங்கல்லை நனைத்து வைக்காவிடில் அது சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். செங்கற்கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது வழக்கமான அளவு. குழைத்த கலவை அரைமணிக்குள் செலவாதல் நன்று. கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாளாவது நீர் விட்டு ஆற்றவேண்டும். நான்கு வரிக்கொரு முறை தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவேண்டும். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டை லாரி பேக்கர் பரப்பினார். செங்கலில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு அதனால் மிஞ்சும், வெயிலின் சூடும் குறையும்.

மலைச்சரிவுக்கோ தனிப்பாடம் தேவை. அங்கே தாங்குசுவர் எழுப்புவோர், மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறத் துளைகள் விடாவிடில், தேங்கிய நீரின் அழுத்தத்தால் சுவர் வயிறு புடைத்துச் சரியும். வீட்டிற்கு இடந்தேர்தலும் கல்வியே. மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாளிரவு மண்சரிந்து, தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிய 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். அவ்வளவு பெரிய சரிவைக் கொத்தனாரால் தடுக்கவியலாது என்பது உண்மையே. ஆயினும் ஓடையின் போக்கையும் சரிவின் குணத்தையும் அறிந்தவர் ஊர்தோறும் இருப்பின், எங்கே கட்டலாகாது என்று சொல்லவாவது ஒருவர் இருப்பார். மலையேறி உழைக்கும் நம் பிள்ளைகளைவிட அதற்குத் தக்கவர் யார்?

கூலியோடு கூடிய பாடம்

பயிற்சி இலவசம் என்று அறிவிப்பதோடு கடமை தீர்வதில்லை. ஒருநாட் கூலியை இழந்தால் அன்றிரவு அடுப்பு எரியாத வீட்டிலிருந்து வருபவருக்கு இலவசப் பாடமும் விலையுயர்ந்ததே. நாற்பது வயதில் வேலையிழந்த குடும்பத்தலைவருக்கு இது இன்னும் பொருந்தும். எனவே கற்கும் நாளுக்குக் கூலி, பங்குனி முதல் வைகாசி வரையான காலத்தில் பயிற்சி, பெண்களுக்கும் கரண்டி என்னும் மூன்றும் அமைதல் வேண்டும். மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் வீடுகள் திட்டமிடப்பட்டன. அத்தகைய வீடுகளுள் ஊருக்கு ஒன்றிரண்டு வகுப்பறையானாலும் போதும்.

அரசை மட்டும் நோக்கியிருத்தலும் வேண்டா. நம் சமுதாயப் பெரியோர் ஆண்டுதோறும் பள்ளிவாசல் விரிவாக்கம், மதரஸாச் சுற்றுச்சுவர், திருமண மண்டபம் எனக் கட்டிக்கொண்டே இருக்கின்றனர். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகின்றேன்: எந்தச் சமயத்தாராயினும் இளைஞர் இருவர், வேலையிழந்த பெரியவர் ஒருவர், சித்தாளாக உழைக்கும் பெண் ஒருவர் என நால்வரைக் கூலியுடன் கற்பாராக ஏற்கவேண்டும், அவர்கள் கோணலாகக் கட்டும் முதற்சுவரைப் பிரித்து மீண்டும் கட்டும் செலவு கட்டுவிப்போரைச் சார்ந்தது. எங்கள் துறை மாணவர் அக்கட்டடங்களுக்கு வந்து, ரசமட்டம், மூலைமட்டம், சாரம், வானம் தோண்டுதல் முதலான தொழிற்சொற்களைத் தொகுக்க அணியமாயுள்ளனர். அடிக்குழி தோண்டுவதை வானம் தோண்டுதல் என்று ஏன் கூறினர் என்பதைக் கொத்தனார்களிடமே கேட்டறிதல் முதல் வேலை.