'யெஸ்' என்றால் ஆமாமா?

இரண்டாண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் கோவையில் ஒரு நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். சரக்குக் கணக்கு எழுதும் வேலை, இரண்டு மாதத்துக்குத்தான். ஆனால் அந்த இரண்டு மாதச் சம்பளத்தை நம்பித்தான் தங்கையின் பள்ளிக் கட்டணம் இருந்தது. மேசைக்கு அப்பால் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே, "யூ டோன்ட் ஹேவ் எ டிரைவிங் லைசென்ஸ்?" என்று கேட்டார். என்னிடம் உரிமம் இல்லை. "யெஸ் சார்" என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். கடைசியில், "லைசென்ஸ் எண் சொல்" என்றார். "இல்லைங்க சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "முதலில் இருக்கிறது என்றாய், இப்போது இல்லை என்கிறாய். பொய் சொல்லிக்கொண்டு வேலைக்கு வருகிறாயா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வேலை போனதைவிடப் பொய்யன் என்ற பெயர்தான் சுட்டது. 'உன்னிடம் உரிமம் இல்லையா?' என்று ஒருவர் கேட்டால், இல்லாதவன் 'ஆமாங்க, இல்லைங்க' என்றுதானே சொல்வான்? நான் சொன்ன 'யெஸ்' அந்த 'ஆமாங்க'. பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், ஆங்கிலத்தின் மிகச் சிறிய சொல் ஒன்றில் வழுக்கி விழுந்தேன்.

என் அண்ணன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவர் வருத்தப்படுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க போர்மேனும் நீயும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்களாட்ட இருக்குதடா" என்றார். அவருடைய போர்மேன் சீனாவிலிருந்து வந்தவர். இருவருக்கும் பொது மொழி அரைகுறை ஆங்கிலம். மதியத்தில் அவர், "யூ நாட் ஈட்?" என்று கேட்பாராம். அண்ணன் "யெஸ்" என்பாராம். சாப்பிடவில்லை என்று சரியாகப் புரிந்துகொண்டு, தம் டப்பாவைத் திறந்து பங்கு வைப்பாராம். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேய எஞ்சினியருக்குத்தான் ஒன்றும் விளங்காதாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. சீன மொழி பேசுவோர் ஆங்கிலத்தில் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று அண்ணனைத் துளைத்தெடுத்தும், நூலகத்தில் மொழியியல் நூல்களைப் புரட்டியும் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்தக் குறிப்பேட்டிலிருந்து சிலவற்றை நண்பர்களாகிய உங்கள் முன்னும், பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன். நான் சீன மொழி அறிந்தவன் அல்லன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீன ஒலிகளைத் தமிழெழுத்தில் எழுதுவது குத்துமதிப்பான காரியம்.

முதலில் அந்த 'யெஸ்' விவகாரம். எதிர்மறையாகக் கேட்கும் கேள்விக்குத் தமிழனும் சீனனும், கேட்டவர் சொன்னது சரியா தவறா என்று பார்த்து விடை சொல்கிறார்கள். ஆங்கிலேயன் அப்படிப் பார்ப்பதில்லை. நடப்பு என்ன என்று மட்டும் பார்க்கிறான். உரிமம் இல்லை என்றால், கேள்வி எப்படித் திரும்பியிருந்தாலும் 'நோ'தான். இதை எந்த இலக்கணப் பாடத்திலும் எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தந்ததில்லை. 'யெஸ்' என்றால் 'ஆமாம்' என்று ஒன்றாம் வகுப்பில் எழுதிக்கொண்டதோடு சரி.

அடுத்தது சோறு. நம் வயலில் நிற்பது நெல். மூட்டையில் இருப்பது அரிசி. இலையில் விழுவது சோறு. மூன்றையும் மாற்றிச் சொன்னால் நம் வீட்டுக் குழந்தையே சிரிக்கும். ஆங்கிலத்தில் மூன்றும் 'ரைஸ்'. வயலில் நிற்பதற்கு 'பேடி' என்று ஒரு சொல் இருக்கிறதே என்பீர்கள். அது மலாய் மொழியின் 'பாடி'. ஆங்கிலம் கடன் வாங்கியது. சீனத்தில் பயிருக்குத் 'தாவ்', அரிசிக்கு 'மி', சோற்றுக்கு 'ஃபான்'. மலாயிலும் 'பாடி', 'பெராஸ்', 'நாசி' என்று மூன்று. நெல் விளையும் நாடுகள் பலவற்றுக்கு மூன்று சொல் வேண்டியிருக்கிறது. கோதுமை தின்றவர்களுக்கு ஒன்றே போதுமாயிருந்தது. (நம் 'அரிசி'தான் 'ரைஸ்' ஆயிற்று என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அறிஞர்கள் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. நானும் கை தட்டாமல் இருந்துவிடுகிறேன்.)

உறவுப் பெயர்களுக்கு வருவோம். நம் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் இருவரும் 'கிராண்ட்ஃபாதர்'. சீனத்தில் அப்பாருக்கு 'யெயெ', அப்புச்சிக்கு 'வாய்குங்'. அந்த 'வாய்' என்பதற்கு 'வெளி' என்று பொருளாம். அப்புச்சியை வெளியாள் ஆக்கிவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நம் ஊரில் காதுகுத்துச் சீர் கொண்டுவருபவர் அல்லவா அவர்! பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ', தாய்மாமன் 'ஜியூஜியூ'. இத்தனை பேரையும் ஆங்கிலம் 'அங்கிள்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என நான்காகப் பிரிப்பதிலும் சீனம் நம்மோடுதான். தம்பிக்கு அவர்கள் சொல் 'தீதி'. இந்தியில் 'தீதி' அக்காள்! சிங்கப்பூர்த் தெருவில் ஒரு இந்திக்காரர் இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாரா என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.

இங்கேதான் 'கஸின்' என்ற சொல் நமக்குத் தொல்லை தருகிறது. நாம் 'கஸின் பிரதர்' என்று எழுதுகிறோம். பேராசிரியர் சிவப்பு மையால் 'பிரதர்' என்பதை அடிக்கிறார். அவர் அடிப்பது சரி. ஆனால் நாம் ஏன் எழுதுகிறோம்? சித்தப்பா மகன் நமக்கு அண்ணன் அல்லது தம்பி. மாமன் மகன் மச்சான். ஒருவரோடு உடன்பிறப்பு முறை, மற்றவரோடு சம்பந்த முறை. இரண்டையும் ஒன்றாக்கி வெறும் 'கஸின்' என்று விட்டுவிட மனம் ஒப்பாமல்தான் பின்னால் 'பிரதர்' ஒட்டுகிறோம். சீனத்திலும் இரு பிரிவு உண்டு; கோடு மட்டும் வேறிடத்தில் விழுகிறது. தந்தையின் உடன்பிறந்த ஆண்களின் மக்கள் 'தாங்', மற்றவரெல்லாம் 'பியாவ்'. அதாவது நமக்கு அண்ணனாகும் பெரியம்மா மகன், அவர்களுக்கு மாமன் மகனோடு சேர்ந்துவிடுகிறான்.

கறிக்கடைக்குப் போனால் கதை இன்னும் வேடிக்கை. நமக்கு மாடு, மாட்டுக்கறி, ஆடு, ஆட்டுக்கறி, பன்றி, பன்றிக்கறி. விலங்கின் பெயர் தெரிந்தால் கறியின் பெயரும் தெரிந்தது. சீனத்திலும் மாடு 'நியூ', மாட்டுக்கறி 'நியூ ரோ'. ஆடு 'யாங்', ஆட்டுக்கறி 'யாங் ரோ'. ஆங்கிலத்தில் 'கௌ' உயிரை விட்டதும் 'பீஃப்' ஆகிறது. 'ஷீப்' 'மட்டன்' ஆகிறது. 'பிக்' 'போர்க்' ஆகிறது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையிலும் பந்தியிலும் பிரெஞ்சு பேசினார்கள். தொழுவத்தில் நின்றவன் பழைய ஆங்கிலம் பேசினான். ஆளவந்தவன் சாப்பிட்ட சொல் ஒன்று, ஆளப்பட்டவன் மேய்த்த சொல் ஒன்று. இரண்டும் அப்படியே தங்கிவிட்டன. வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்து ஒரே 'ஆடு' என்பதில்கூடச் சீனம் நம் பக்கம். அங்கே வெள்ளாடு 'மலை யாங்', செம்மறி 'பஞ்சு யாங்'. ஆங்கிலத்தில் இரண்டையும் அடக்கும் 'ஆடு' என்ற அன்றாடச் சொல்லே இல்லை; 'கோட்' என்று சொல்ல வேண்டும், அல்லது 'ஷீப்' என்று சொல்ல வேண்டும்.

வினைச்சொற்களில்தான் தேர்வுத்தாள் சிவக்கிறது. நாம் 'பார்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், பெண்ணும் பார்க்கிறோம். ஆங்கிலம் 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' என்று மூன்றாகக் கூறு போடுகிறது. சீனத்தின் 'கான்' நம் 'பார்' போலவே மூன்றுக்கும் வரும். போதாதற்குப் புத்தகம் படிப்பதற்கும் அதுவே. மருந்தை நாமும் 'சாப்பிடு'கிறோம், சீனரும் 'உண்'கிறார்கள். 'ஈட் மெடிசின்' என்று எழுதி நான் ஒரு மதிப்பெண் இழந்த அதே நாளில், சீனாவின் ஏதோ ஒரு பள்ளியில் ஒரு மாணவனும் இழந்திருப்பான். விளக்கு விஷயத்தில் சீனர் 'திற' என்கிறார்கள். அதனால் அந்தப் போர்மேன் 'ஓப்பன் லைட்' என்பாராம். நாம் 'போடு' என்கிறோம். அதனால் எங்கள் விடுதியில் 'புட் த லைட்'. இந்தப் 'போடு' இருக்கிறதே, இது தனி ஆராய்ச்சிக்குரியது. சட்டை போடு, டீ போடு, சோறு போடு, கையெழுத்துப் போடு, கோலம் போடு, சண்டை போடு, தாழ்ப்பாள் போடு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வினை. என் குறிப்பேட்டில் இந்தச் சொல்லுக்கு மட்டும் நான்கு பக்கம் ஓடிவிட்டது.

எல்லாவற்றிலும் நாமும் சீனரும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். சீனர் பேச்சில் அவனும் அவளும் ஒரே 'தா'. ஆகவே ஆங்கிலம் பேசும்போது மனைவியை 'ஹீ' என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நமக்கு அந்த ஆபத்து இல்லை. கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அவர்களுக்கு ஒரே வினை. நமக்குக் குழப்பம் வரக் காரணமே இல்லை, இருந்தும் 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் மாற்றி எழுதுகிறோம் என்றால் அது நம் சோம்பல். காலம் காட்ட அவர்கள் வினையின் உருவை மாற்றுவதில்லை. எண்களில் அவர்கள் பத்தாயிரத்துக்கு 'வான்' என்று தனிப்பெயர் வைத்து அதன்மேல் அடுக்குகிறார்கள். நாம் லட்சம், கோடி என அடுக்குகிறோம். 'மில்லியன்' இருவருக்குமே விரல்விட்டு எண்ண வேண்டிய தொகை.

நான் நெடுநேரம் யோசித்தது 'யூ' என்ற சொல்லைப் பற்றி. சீனத்தில் முன்னிலை ஒருமை 'நீ'! நம் 'நீ'யேதான், ஒலி அளவில். இது தற்செயல், உறவு எதுவும் இல்லை. மரியாதைக்கு அவர்களிடம் 'நின்' இருக்கிறது. நமக்கு 'நீங்கள்' இருக்கிறது. ஆங்கிலத்திலோ பேராசிரியரும் 'யூ', பக்கத்து இருக்கைக்காரனும் 'யூ'. வகுப்பில் எழுந்து நின்று 'யூ செட்' என்று ஆசிரியரைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவே இல்லை. 'நீ சொன்னாய்' என்று சொல்வதுபோல் உடம்பு கூசியது. நம்மில் பலர் ஆங்கில வகுப்பில் வாய் திறக்காததற்கு இலக்கணம் தெரியாமை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. வீட்டில் 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்று வளர்ந்த நாக்குக்கு அந்த 'ங்க' வைக்க ஆங்கிலத்தில் இடமில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'சார், சார்' என்று நாம் ஒட்டுவதை வெளியூர்க்காரர் கேலி செய்கிறார்கள். அந்தச் 'சார்' வேறொன்றுமில்லை, இடமில்லாமல் போன நம் 'ங்க'தான்.

நம் ஊரிலிருந்து மலையேறினால், ஊட்டிக்கும் அப்பால் கூடலூர் வழியில் நடுவட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்து ஆங்கிலக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர், விடுதலைக்குப் பின் அந்தப் பக்கத்திலேயே தங்கிக் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். 1909இல் வெளிவந்த தம் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர்கள் மனைவியிடம் எப்படித் தமிழ் கற்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நெல், அரிசி, சோறு மூன்றும் அவர்கள் மனத்தில் முன்னமே மூன்றாக இருந்தவை. குழந்தைக்குப் பெரியப்பா யார், சித்தப்பா யார், மாமன் யார் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 'சாப்பிடவில்லையா?' என்றால் 'ஆமாம்' என்று சொல்லி, உடனே சோறும் கிடைத்திருக்கும். ஆங்கிலத்தில் நானும் அந்தப் போர்மேனும் விழுந்த குழிகளில் பல, அவர்கள் தமிழ் கற்ற வழியில் இருந்திருக்கவே இருக்காது.

ஆகவே நம் பிழைகள் மந்த புத்தியால் வருவன அல்ல என்று எனக்குத் தெளிவாயிற்று. கடல் தாண்டி, வேறு எழுத்தும் வேறு இலக்கணமும் உடைய மக்களும் அதே இடத்தில் தடுக்குகிறார்கள் என்றால், பள்ளம் அங்கே இருக்கிறது. ஆனால் சீனனும் விழுகிறான் என்பதற்காக நமக்கு மதிப்பெண் போடமாட்டார்கள், வேலையும் தரமாட்டார்கள். எனவே எங்கள் விடுதி அறையில் நாங்கள் நான்கு பேரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எதிர்மறைக் கேள்வி வந்தால் 'யெஸ்', 'நோ' இரண்டையும் தொடுவதில்லை. முழு வாக்கியமாகப் பதில் சொல்வது. 'ஐ டோன்ட் ஹேவ் எ லைசென்ஸ், சார்' என்றால் யாரும் பொய்யன் என்று சொல்ல முடியாது. இரவில் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகுகிறோம். முதல் வாரம் நான்கு பேரும் தோற்றோம்.

சென்ற மாதம் மறுபடி ஒரு நேர்முகத் தேர்வு, வேறோர் இடத்தில். "யூ வோன்ட் மைண்ட் டிராவலிங்?" என்று கேட்டார்கள். 'மைண்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. அதன் தலையில் இன்னொரு மறுப்பு. உள்ளங்கை வியர்த்தது. "ஐ கேன் டிராவல், சார்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிவு இன்னும் வரவில்லை.