நம் சோற்றின் மேல் ஒரு வழக்கு



லாங் பஜார் அரிசிக் கடையில் மூட்டைகளைப் பார்த்தால் நமக்கு விலைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நெல் விளைந்த வயலாலும் பூமி சூடாகிறது என்று 1990 வாக்கில் அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

வயலில் தண்ணீர் கட்டி நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் சில நுண்ணுயிரிகள் மக்கிய வைக்கோல், வேர் இவற்றில் இருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதேதான். வாயு பெரும்பாலும் நெல் தண்டு வழியாகவே மேலே வருகிறது, இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி! 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே வயலில் மீத்தேன் வருவது பொய் இல்லை. எவ்வளவு வருகிறது என்பதில்தான் சண்டை.

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், இந்திய நெல் வயல்களில் இருந்து வருடத்துக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல் மீத்தேன் வருவதாகச் சொன்னது. அளந்தது எங்கே தெரியுமா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்! அங்கே கிடைத்த அளவை வைத்து நம் நாட்டு வயல்களுக்கும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானி ஏ.பி. மித்ரா இதை விடவில்லை. 1991ல் பல மாநில வயல்களில் விஞ்ஞானிகள் இறங்கினார்கள். பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை சிரிஞ்சால் எடுத்து, சோதனைச் சாலையில் அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். முதல் கணக்கில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான்! நம் வயல்கள் பலவற்றில் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை, மழையை நம்பிய வயல்களும் நிறைய. அதை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எப்படி அறிவார்கள்?

வெறும் கணக்குத் தப்புதானே என்று நினைக்கலாம். இல்லை. அதே 1990ல் உலக வள நிறுவனம் என்ற அமெரிக்க அமைப்பு, பூமியைச் சூடாக்கும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியா, சீனா, பிரேசிலையும் சேர்த்தது. அப்படியானால் யார் எவ்வளவு எரிபொருளைக் குறைக்க வேண்டும் என்று பேசும்போது நம் மேலும் பாரம் விழும். டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ல் ஒரு சிறு புத்தகம் எழுதி இதை எதிர்த்தார்கள். கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவை யார் பங்கில் கழிப்பது என்பது அவர்கள் கேள்வி. தெருவுக்கு லாரித் தண்ணீர் வருது, ஏற்கனவே நிறைய குடம் வச்சிருக்கிறவங்களுக்கே நிறைய ஊத்துறோம்னா ஒத்துக்குவீங்களா? அந்த அமைப்பின் கணக்கு அப்படித்தான் இருந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று பிரி என்றார்கள் இவர்கள். பிழைப்புக்கு நெல் நடுபவரின் வாயுவும் சொகுசுக் காரின் வாயுவும் ஒன்றா என்றும் கேட்டார்கள்.

1992ல் ரியோ மாநாட்டு ஒப்பந்தத்தில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவு இல்லை என்று எழுதப்பட்டது.

ஆனால் ஒன்று. இன்று கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுவதில் இந்தியா மூன்றாம் இடம். நிலக்கரிதான் முக்கியக் காரணம். ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் நமக்கு வருடம் சுமார் 2 டன், அமெரிக்கருக்கு சுமார் 14 டன். 2021ல் கிளாஸ்கோ மாநாட்டில் நிலக்கரியை "நிறுத்துவது" என்ற சொல்லை இந்தியா கேட்டு "குறைப்பது" என்று மாற்ற வைத்தது. அங்கே 100க்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்த மீத்தேன் உறுதிமொழியிலும் இந்தியா சேரவில்லை. நெல்லுக்காகச் சேராதது எனக்குச் சரியாகப் படுகிறது. நிலக்கரிக்கும் அதே நியாயத்தைச் சொன்னால், முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

வயலில் மீத்தேனைக் குறைக்க விஞ்ஞானிகள் இப்போது சொல்லும் வழி, தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், வடிந்த பின் மறுபடி பாய்ச்சுவது. நம் விவசாயிகள் இதைக் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்பார்கள். கிணற்றுத் தண்ணீரும் மிச்சம், மோட்டார் ஓடும் நேரமும் குறைவு.