வதந்தி பலித்துவிட்டால் அது நல்ல செய்தியா?

ஐ.பி.எல். வீரர்கள் அணி மாறுவது பற்றிச் சமூக ஊடகங்களில் பரவும் பேச்சை ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகளுக்குப் பாடப்பொருளாக எடுத்துக்கொண்டேன். புதுச்சேரிப் பிள்ளைகளுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் பக்கத்து ஊர் அணி அல்ல, சொந்த அணி. 'போலிச் செய்தியை இனங்காணல்' என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி வரும். சஞ்சு சாம்சன் என்று எழுதினால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

சாம்சன் ராஜஸ்தானை விட்டுச் சென்னைக்கு வருகிறார் என்ற பேச்சு 2025 ஆகஸ்டிலேயே ஓடியது. நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது. சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். ரவீந்திர ஜடேஜா 14 கோடிக்கும், சாம் கரன் 2.4 கோடிக்கும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். வதந்தி பலித்துவிட்டது. "அப்போ அந்தப் பேஜ் சொன்னதெல்லாம் கரெக்ட்தானே சார்?" என்றார்கள் மாணவர்கள்.

என்னைக் கவலைப்படுத்தியது இந்தக் கேள்விதான். வகுப்பில் ஒருவர் அப்படி ஒரு பக்கத்தை நம்பி, அதிலிருந்த இணைப்பு வழியே ஒரு டெலிகிராம் குழுவுக்குப் போயிருந்தார். 'உள்தகவல்' பெற அப்பாவின் போனிலிருந்து 200 ரூபாய் அனுப்பியுமிருந்தார். அடுத்து அந்தக் குழு பந்தயம் கட்ட அழைத்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. தூண்டில் போடுவது அதனால் நின்றுவிடவில்லை. ஒரு வதந்தி பலித்ததே இந்தத் தூண்டிலுக்கு நல்ல இரையாகிவிட்டது.

ஆகவே ஒரு பதிவு பின்னால் பலித்ததா என்பதை ஒதுக்கிவைத்தோம். எழுதப்பட்ட அன்று அது வாசிப்பவரை என்ன செய்யப் பார்த்தது என்பதையே கேட்டோம். சுற்றி வந்தவற்றின் மாதிரியில் ஆறு பதிவுகளை நானே தாளில் எழுதி, தேதி மட்டும் போட்டுக் குழுக்களுக்குக் கொடுத்தேன். போன் தேவைப்படவில்லை. கண்ணால் கண்டதற்குக் கீழே நேர்கோடு, எழுதியவர் சேர்த்ததற்கு வளைகோடு, நம்மிடம் கேட்பதைச் சுற்றி வட்டம். அவ்வளவுதான் செயல்பாடு.

ஜடேஜா பதிவில்தான் அதிக நேரம் போனது. பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போனதாகச் செய்தி வந்தது. அதை வைத்து, 'அணி அவமானப்படுத்திவிட்டது, மனம் உடைந்து வெளியேறினார், கோபம் இருந்தால் ஷேர் செய்யுங்கள்' என்று எழுதியிருந்தேன். கணக்கு இல்லை என்பதை யாரும் தேடிப் பார்க்கலாம், நேர்கோடு. மனம் உடைந்ததை யார் பார்த்தார்கள்? வளைகோடு. வட்டத்துக்கு வந்தபோது ஒரு மாணவி, "ஷேர் பண்ணலைன்னா ஜடேஜாவுக்கு என்ன ஆகும் சார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆதாயம் யாருக்கு என்ற பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கியது. எக்ஸ் தளம் 2023 முதல் தகுதியுள்ள கணக்குகளுக்கு வருவாயில் பங்கு தருகிறது என்பதையும், நீலக்குறி சந்தா கட்டினால் கிடைக்கும் என்பதையும் அப்போது சொன்னேன். நீலக்குறி என்றால் அரசாங்க முத்திரை போல என்று பலர் நினைத்திருந்தார்கள்.

இன்னொரு தாள், சொந்தப் பெயரில் எழுதும் செய்தியாளர் ஒருவருடையது போன்றது: 'பேச்சு நடக்கிறது, முடிவாகவில்லை, வீரரின் சம்மதமும் கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.' இதில் வட்டமே விழவில்லை. "போர் அடிக்குது சார்" என்றார்கள். இந்தச் செய்தி நாளை பொய்த்துப் போகலாம். அப்போதும் இது யாரையும் ஏமாற்றியதாகாது. முந்தையது பலித்தாலும் ஏமாற்றியதுதான். இந்த வேறுபாட்டைப் பிடிக்க ஒரு பாடவேளை முழுதும் தேவைப்பட்டது. அவசரப்படுத்த வேண்டாம் என்பது என் அனுபவம்.

'அதிகாரப்பூர்வ அறிவிப்பு வரும்வரை எதையும் நம்பாதே' என்ற விதியைச் சில மாணவர்கள் முன்வைத்தார்கள். நாமும் இதைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதற்கு 2023 நவம்பர் 26-ஐ எடுத்துக்காட்டினேன். அன்று மாலை குஜராத் அணி வெளியிட்ட தக்கவைப்புப் பட்டியலில் ஹர்திக் பாண்டியா இருந்தார். மும்பைக்குப் போகிறார் என்றது வதந்தி என்று முடிவாயிற்று. மறுநாளே அவர் மும்பை வீரர் என்று அறிவிப்பு வந்தது. பட்டியல் பொய் சொல்லவில்லை. தக்கவைப்புக்கு அன்று கடைசி நாள். அணி மாற்றத்துக்கு டிசம்பர் 12 வரை நேரம் இருந்தது. நடைமுறை தெரிந்தவர் குழம்பவில்லை. பிறகு ரோஹித் ரசிகர்களையும் ஹர்திக் ரசிகர்களையும் மோதவிட்ட பதிவுகளுக்குக் கணக்கில்லை. 2024 பருவத்தில் மைதானங்களில் அவருக்கு எதிராக எழுந்த கூச்சலைத் தொலைக்காட்சியில் நம் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கிரிக்கெட் வேண்டியதில்லை. மழைக்கால விடுமுறைச் செய்தி போதும். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தது குழந்தைகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேதியில்லாத ஒரு 'நாளை லீவு' செய்தியைத் தாளில் எழுதிக் கொடுத்தால், நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் அதே மூன்று கோடுகளைப் போடுவார்கள்.

மதிப்பீட்டில் ஒன்றை மட்டும் கவனித்தேன். யார் எந்த அணிக்குப் போவார் என்று சரியாக ஊகித்தவருக்கு மதிப்பெண் தரவில்லை. நேர்கோடும் வளைகோடும் எங்கே பிரிகின்றன என்று காரணத்தோடு சொன்னவருக்கே தந்தேன். 200 ரூபாய் அனுப்பிய மாணவரின் பெயரை வகுப்பில் சொல்லவில்லை. தாள்களைத் திருத்தியபோது, டெலிகிராம் இணைப்பைச் சுற்றி மிக அழுத்தமாக வட்டம் போட்டிருந்தது அவருடைய குழுதான்.