எஸ்-இலிருந்து ஒய்க்கு: கணக்குப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

டிரான்சிஸ்டருக்கு மாடல் எடுப்பவர்களுக்குக் கடைசியில் தேவைப்படுவது ஒய்-அளவுருக்கள். கேட்–டிரெயின் கெப்பாசிட்டன்ஸ், டிரான்ஸ்கண்டக்டன்ஸ் இரண்டையும் அவற்றிலிருந்து சுலபமாகப் பிரித்தெடுக்கலாம். ஆனால் ஒய்-ஐ நேரடியாக அளக்க எதிர் போர்ட்டை ஷார்ட் செய்ய வேண்டும். கிகாஹெர்ட்ஸில் சுத்தமான ஷார்ட் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் டிரான்சிஸ்டர் ஆசிலேட் ஆகிவிடக்கூடும். அதனால்தான் 50 ஓமில் எஸ்-ஐ அளந்து, ஒய்-ஐக் கணக்கிட்டு எடுக்கிறோம்.

சூத்திரம் ஒரே வரி: ஒய் = ஒய்0 (1 − எஸ்)(1 + எஸ்)⁻¹. எஸ் ஓர் அணி, 1 என்பது அலகு அணி, 50 ஓமுக்கு ஒய்0 = 20 மில்லிசீமன்ஸ். சிக்கல் சூத்திரத்தில் வருவதில்லை, அதற்கு முன்னும் பின்னும்தான் வருகிறது. நான் கடைப்பிடிப்பவை இவை.

தெரிந்த விடையை வைத்து நிரலைச் சோதியுங்கள். இரு போர்ட்டுக்கும் நடுவே தொடராக 100 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் நான்கு எஸ்-களும் 0.5. ஒய்11 சரியாக 10, ஒய்21 சரியாக −10 மில்லிசீமன்ஸ் வர வேண்டும். ரெசிஸ்டர் சமச்சீரானது, எஸ்12, எஸ்21 இடம் மாறினால் காட்டிக்கொடுக்காது. இரு போர்ட் டச்ஸ்டோன் கோப்பில் எஸ்11-க்கு அடுத்து வருவது எஸ்21. அதை ஒரு ஆம்ப்ளிஃபையர் கோப்பில் சரிபாருங்கள்.

காலிப்ரேஷன் தளம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்கு அப்பால் 10 மில்லிமீட்டர் டெஃப்லான் கேபிள் இருந்தாலே போதும், திறந்த முனை 1 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 1 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகத் தெரியும். சின்ன டிரான்சிஸ்டரின் கெப்பாசிட்டன்ஸ் இதைவிடக் குறைவு.

உயர் இம்பீடன்ஸை நம்பும் முன் யோசியுங்கள். 5 கிலோஓமின் பிரதிபலிப்புக் கெழு 0.980. அளவீட்டில் 0.01 கூடி 0.990 ஆனால், கணக்கு 10 கிலோஓம் என்கிறது. எஸ்-இல் கண்ணுக்கே தெரியாத பிழை ஒய்-ஐப் பாதியாக்கிவிடுகிறது. வெறும் துரூவுக்கோ ஒய் இருக்கவே இருக்காது. வகு எண் பூஜ்யம்.

பேட் கெப்பாசிட்டன்ஸை ஒய்-ஆக மாற்றிய பிறகே கழியுங்கள். பேடுகள் டிரான்சிஸ்டருக்கு இணையாக நிற்பவை. இணையானவை ஒய்-இல்தான் கூடும். எனவே அதே சில்லில் டிரான்சிஸ்டர் இல்லாத ஓபன் அமைப்பையும் அளந்து, அதன் ஒய்-ஐ அப்படியே கழிக்கலாம். எஸ்-ஐ எஸ்-இலிருந்து கழித்தால் அர்த்தமில்லாத எண்தான் மிஞ்சும்.

முடிவில், ஒய்12-இன் கற்பனைப் பகுதியைக் கோண அதிர்வெண்ணால் வகுத்து, குறியை மாற்றி, அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். கோடு கிடையாக ஓடினால் அதுதான் கேட்–டிரெயின் கெப்பாசிட்டன்ஸ். அதிர்வெண்ணோடு மேலேறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழிக்கப்படாத இண்டக்டன்ஸை; அப்போது ஷார்ட் அமைப்பையும் அளந்து கழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். அந்த வரைபடத்தைப் பார்க்காமல் நான் எந்த மதிப்பையும் மாடலில் ஏற்றுவதில்லை.