எழுத்துக்கும் இடம் வேண்டும்

பக்க வடிவமைப்பை வாப்பா இன்னும் ‘படம் கீறுற வேலை’ என்றுதான் சொல்கிறார். எனக்குக் கிடைத்த முதற் பயிற்சியோ தோட்ட லயன்களில் ஒட்டும் மண்சரிவு அறிவித்தல். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை எங்கள் பதுளை மாவட்டம் மறக்கவில்லை.

தமிழில் முதலில் பார்க்க வேண்டியது வரி இடைவெளி. ‘கீ’ மேலே எழும். ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியையே வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். 12 புள்ளி எழுத்துக்கு நான் 18 புள்ளி விடுகிறேன்.

இரு ஓரங்களையும் நேராக்கும் ஆசையும் ஆகாது. ‘வெளியேறவேண்டியிருக்கும்’ போன்ற நீண்ட சொல் குறுகிய பத்தியில் அடுத்த வரிக்குத் தாவினால், மேல்வரி ஓட்டைப் பல்லாகிவிடும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும்.

பாமினியில் தட்டியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளே தெரியும். கைமாறிப் போகும் அறிவித்தலுக்கு யூனிகோட்தான் சரி.

அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, எட்டடி தள்ளி உம்மம்மாவை நிறுத்தினேன். 1978இல் தமிழ்நாடு கைவிட்ட, தும்பிக்கை வைத்த ‘லை’யைப் படித்து வளர்ந்தவர் அவர். ‘நிலத்தில் வெடிப்பு’, ‘மரங்கள் சாய்தல்’, ‘ஊற்று நீர் கலங்குதல்’ எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தார். ஆனால் முதலில் அவர் வாய்விட்டுச் சொன்னது, உள்ளங்கை அளவில் நான் வைத்திருந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத்தான்.